இசை மென்பொருள் குழுவில் முதல் கேள்வியைக் கேட்கும் முன்

வயலின் வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. கணினியில் பதிவு செய்வது அதற்குத் துணையான காரியம், அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன் திறந்தமூல இசை மென்பொருளுக்கு, அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் வகைக்கு, மாறினேன். அந்த மாற்றத்தில் பல மாதங்கள் வீணாயின. தேவையில்லாத ஒரு கருவியை வாங்கிப் பாதி விலைக்கு விற்றேன். தோழி ஒருத்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. இவ்வளவுக்கும் காரணமாக இருந்த சிக்கல் கடைசியில் இரண்டு சின்னத் திருத்தங்களில் தீர்ந்துபோனது. அந்த இரண்டையும் அறிந்தவர்கள் நான் முதலில் கேட்ட இணையக் குழுவிலேயே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் அதைச் சொல்லாமல் என்னைத் திட்டியதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. முன்பே யாராவது எச்சரித்திருந்தால் வேறு வழியில் போயிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் ஏன் மாறினேன் என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை பயன்படுத்திய பதிவு மென்பொருள் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டது. அதன் புதிய பதிப்பு என் பழைய மடிக்கணினியில் ஓடவும் இல்லை. திறந்தமூலம் எனக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. மாணவர்களுக்கு ஸ்வரக் குறிப்பு அச்சிட்டுத் தர மியூஸ்ஸ்கோரை வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தேன். ஒலிக்கோப்பை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. 1999ல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கிய ஆடாசிட்டி, ஒரு காசு கேட்காமல் எனக்கு எத்தனையோ வேலைகளை முடித்துக் கொடுத்திருக்கிறது. முன்பின் தெரியாத மனிதர்கள் தங்கள் மாலை நேரங்களைச் செலவழித்துச் செய்த பொருள் என் கையில் இருக்கிறது என்ற நன்றி எனக்கு எப்போதும் உண்டு. லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தை நிறுவி, பல தடங்களில் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றையும் போட்டபோது அதே நன்றியோடும் ஆசையோடும்தான் உட்கார்ந்தேன்.

இரண்டு தொல்லைகள் வந்தன. ஒன்று, வில்லை இழுத்தால் என் நாதம் ஹெட்ஃபோனில் சற்றுப் பிந்திக் கேட்டது. வேகமான பகுதிகளை வாசிக்கவே முடியவில்லை. காதில் விழும் தாமதத்துக்கு ஏற்பக் கை தானாகத் தயங்க ஆரம்பிக்கும். மற்றொன்று, பதிவில் அங்கங்கே படபடவென்று ஒரு கரகரப்பு. பழைய மென்பொருளில் இதே மைக், இதே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒழுங்காக வேலை செய்தவை. ஒலியைக் கையாளும் புதிய நிரலான பைப்வயர் அப்போது என் டிஸ்ட்ரோவுக்கு (நான் போட்ட லினக்ஸ் வகைக்கு) வந்திருக்கவில்லை. மைக்குக்கும் மென்பொருளுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் ஜாக் என்ற ஒலிச் சேவையகத்தின் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. கையேட்டைப் புரட்டினேன். பீரியட், ஃபிரேம், ரியல்டைம், எக்ஸ்ரன் என்று பக்கத்துக்குப் பக்கம் சொற்கள். ஒவ்வொன்றையும் விளக்க வேறொரு பக்கம், அதை விளக்க இன்னொரு பக்கம். ஒரு வாரம் போராடிவிட்டு, இதற்கென்றே இருந்த ஒரு குழுவில் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அது எந்தக் குழு என்பது இங்கே தேவையில்லை.

என்ன இன்டர்ஃபேஸ், எந்த டிஸ்ட்ரோ, என்ன கேட்கிறது, என்ன செய்து பார்த்தேன் என்று நிதானமாக எழுதினேன். முதல் பதில் கையேட்டின் சுட்டி, கூட ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டாமவர், இந்தக் கேள்வி ஆயிரம் முறை வந்தாயிற்று, தேடிப் பார்க்கத் தெரியாதா என்றார். தேடினேன், கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன என்று பதில் எழுதினேன். அப்போது மூன்றாமவர் ஒருவர், லேட்டன்சி (ஒலியின் தாமதம்) என்றால் என்னவென்று தெரியாதவர்கள் எல்லாம் ஏன் இதைத் தொடுகிறார்கள், போய்ப் பழைய மென்பொருளுக்கே காசு கொடுங்கள் என்றார். அதற்குச் சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நடத்துநர் ஒருவர் அன்று அந்தக் குழுவில் இருந்தார், வேறு உரையாடல்களில் பேசிக்கொண்டும் இருந்தார். என் பக்கம் வரவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன், முகத்துக்கு நேரே விமர்சனமும் கேட்டிருக்கிறேன். அது எதுவும் இப்படிக் குத்தியதில்லை. மேடையில் விமர்சிப்பவர் என் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார். இங்கே நான் கேட்டது என்னவென்றே யாரும் பார்க்கவில்லை. இந்த வயதில் இது நமக்கு வராதோ, நாம் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு வெட்கம். அதன்பின் பல வாரங்கள் மடிக்கணினியைத் திறக்கவே மனம் வரவில்லை. குழுவிலிருந்தும் சத்தமில்லாமல் விலகிவிட்டேன். நான் போனது அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று பதில்களும் ஒரே ரகம் இல்லை. சுட்டி மட்டும் கொடுத்தவரை இப்போது நான் முரட்டுத்தனமானவர் என்று சொல்ல மாட்டேன். பல டெவலப்பர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. வேலை முடிந்து வந்து, தூங்கப்போகும் முன் கிடைத்த இடைவெளியில் பதில் போடுகிறார்கள். வணக்கம், நன்றி எல்லாம் அந்தப் பதிலில் விழுந்துவிடும். விஷயம் மட்டும் மிஞ்சும். லினக்ஸ் ஆடியோ மாநாட்டின் பேச்சுப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. 2003ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் தொடங்கிய மாநாடு அது. எழுத்தில் கல்லாகத் தெரிந்த சிலர் அந்தப் பேச்சுகளில் எவ்வளவு பொறுமையாக விளக்குகிறார்கள் என்று பார்த்தபின் என் கோபம் பாதி குறைந்தது. ஆக, சுருக்கமான பதிலை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் அதிலிருந்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "அந்தப் பக்கத்தில் எந்தப் பகுதி எனக்குப் பொருந்தும்?" என்று கேட்டாலே பெரும்பாலும் இரண்டாவது பதில் கனிவாக வரும். ஆனால் உங்கள் கேள்வியை விட்டுவிட்டு உங்களைப் பற்றிப் பேசும் பதில் வேறு. "உங்களுக்கு ஏன் இது" என்று எப்போது வருகிறதோ, அப்போது வாதாட வேண்டாம். அதற்குப் பதில் எழுதாதீர்கள். நடத்துநருக்குத் தனியாக ஒரு தகவல் கொடுத்துவிட்டு, கேள்வியைப் படியெடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கேயே நின்று உங்கள் தகுதியை நிரூபிக்க முயன்றால், கேள்வி காணாமல் போய்விடும்.

அப்புறம் நடந்தது இதைவிட மோசம். குழுவில் ஒருவர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். உதவத்தான் நினைத்தார் என்று நம்புகிறேன். இன்டர்ஃபேஸ் சரியில்லை, வேறு வாங்குங்கள், அதோடு ரியல்டைம் கர்னலும் (ஒலி போன்ற அவசர வேலைகளைக் குறித்த நேரத்தில் முடிக்கும்படி திருத்திய லினக்ஸின் மைய நிரல்) போடுங்கள் என்று எழுதி நாலைந்து கட்டளைகளையும் கொடுத்திருந்தார். மனம் நொந்திருந்த நேரத்தில் கிடைத்த ஒரே அன்பான குரல் அது. அவர் சொன்னபடியே செய்தேன். புதிய கர்னலோடு கணினியைத் திறந்தால் கருப்புத் திரை. என் வரைகலை அட்டையின் டிரைவர் அந்தக் கர்னலுக்குப் பொருந்தவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. துவக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் போதும், ஒரு நிமிட வேலை. அது தெரியாததால், லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவக் கொடுத்தேன். அந்த நிறுவலில், வட்டில் நான் பதிவு செய்து வைத்திருந்த ஒத்திகைகள் போயின. புதிய இன்டர்ஃபேஸ் வந்தது. தாமதம் அப்படியே, கரகரப்பும் அப்படியே. தோழி தன் பாட்டுக்கு வயலின் பகுதி கேட்டிருந்தாள், காத்திருந்தாள், கடைசியில் வேறொருவரை வைத்து முடித்துக்கொண்டாள். "பரவாயில்லை, அடுத்ததுக்குப் பார்த்துக்கலாம்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதிகள் சில. யார் எந்தக் கட்டளை கொடுத்தாலும், இது என்ன செய்யும், இதை எப்படித் திரும்பப் பெறுவது என்ற இரண்டையும் கேட்காமல் ஓட்டக் கூடாது. உண்மையில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். எரிச்சல் படுபவரின் கட்டளை நமக்கு வேண்டாம். கர்னலை மாற்றும் அளவு பெரிய காரியத்துக்கு முன் பதிவுகளை வெளி வட்டில் எடுத்து வையுங்கள். பணம் செலவாகும் ஆலோசனையைத் தனிச்செய்தியில் ஏற்கவே ஏற்காதீர்கள். அதைப் பொதுவில் எழுதி, மற்றவர்களும் ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள். தனிச்செய்தியில் வரும் தவறான தகவலைத் திருத்த ஆளில்லை. கருவியில்தான் கோளாறா என்று அறிய வேறு வழி உண்டு. இசைக்கென்றே தயாரித்த டிஸ்ட்ரோ ஒன்றை யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே துவக்கிப் பதிவு செய்து பார்க்கலாம். உபுண்டு ஸ்டூடியோ, ஏவி லினக்ஸ் போன்றவை இதற்கு உதவும். அதில் கரகரப்பு வரவில்லை என்றால் கருவிமேல் பழியில்லை. யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வாங்குவதாகவே இருந்தாலும், அது கிளாஸ் கம்ப்ளையன்ட் வகையா என்று மட்டும் முதலில் பாருங்கள். அந்த வகைக் கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது. கர்னலிலேயே உள்ள பொது டிரைவர் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ரியல்டைம் திருத்தங்கள் 2024ல் வந்த 6.12 பதிப்பிலேயே லினக்ஸ் கர்னலின் மைய மூலத்தில் சேர்ந்துவிட்டன. தனிக் கர்னல் போடு என்ற பழைய அறிவுரை இன்று வந்தால் இருமுறை யோசியுங்கள்.

"தேடிப் பார்" என்ற பதிலைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் தங்கள் நினைவில் உள்ள வரலாறு புதியவருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். லினக்ஸில் ஒலி என்பது அடுக்கடுக்காக மாறிவந்த விஷயம். 2003 கடைசியில் வந்த 2.6 கர்னலில் ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பு பின்தள்ளப்பட்டு ஆல்சா என்ற புதியது முதன்மை இடத்துக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பால் டேவிஸ், ஆர்டோர் என்ற பதிவு மென்பொருளை எழுதும்போது, நிரல்கள் தங்களுக்குள் ஒலியைத் தாமதமின்றிப் பரிமாறிக்கொள்ள ஜாக்கை உருவாக்கினார். அப்புறம் பல்ஸ்ஆடியோ வந்தது. 2007ல் ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவின் 8ஆம் பதிப்பு அதை இயல்பாக வைத்தது. சாதாரணப் பாட்டு, வீடியோ எல்லாம் பல்ஸ் வழியாக, பதிவு வேலை ஜாக் வழியாக என்று இரண்டும் ஒரே கருவிக்காகப் போட்டியிட்ட காலம் நெடுநாள் நீடித்தது. பிறகு விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்ய முன்வந்தது. 2021ல் ஃபெடோரா 34ல் ஒலிக்கான இயல்பு அமைப்பாகி, 2023 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. இப்போது ஒருவர் கரகரப்பு பற்றித் தேடினால் இந்த எல்லாக் காலத்து விடைகளும் ஒன்றாக வந்து விழும். பல்ஸை நிறுத்து என்பார் ஒருவர், பாலம் போடு என்பார் இன்னொருவர், இந்தக் கோப்பைத் திருத்து என்பார் மற்றொருவர். அவரவர் எழுதிய ஆண்டில் எல்லாமே சரி. எந்த ஆண்டு தன் கணினிக்குப் பொருந்தும் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே தேடும்போது விடையின் தேதியை முதலில் பாருங்கள். உங்கள் கணினியில் ஓடுவது ஜாக்கா பைப்வயரா என்று தெரிந்துகொண்டு அதையும் சேர்த்துத் தேடுங்கள். கேட்கும்போது, "இந்த மூன்றும் படித்தேன், இதுவும் இதுவும் முரண்படுகின்றன" என்று சுட்டிகளோடு எழுதுங்கள்.

எனக்கு வழி காட்டியவர் வேறொரு குழுவில் கிடைத்தார். அங்கே சேர்ந்தவுடன் எழுதவில்லை. சில வாரங்கள் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். முதல்முறை எழுதுபவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்தேன். ஒருவர் தப்புத்தப்பாக எழுதிய கேள்வியை இன்னொருவர் பொறுமையாகத் திருத்திப் புரிந்துகொண்டதைப் பார்த்த பிறகுதான் என் கேள்வியைப் போட்டேன். வந்த பதிலில் அறிவுரை எதுவும் இல்லை, கேள்விகள்தான் இருந்தன. கரகரப்பு ஒரே சீராக வருகிறதா, விட்டுவிட்டா? பதிவிலும் இருக்கிறதா, கேட்கும்போது மட்டுமா? வைஃபையை அணைத்தால் குறைகிறதா? ஜாக் துவங்கும்போது லாக்கில் (நிரல் தன் செயல்களை எழுதிவைக்கும் குறிப்பில்) வரும் முதல் சில வரிகளை அப்படியே ஒட்ட முடியுமா? உங்கள் இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் என்னென்ன குமிழ்கள் இருக்கின்றன?

அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதங்களில் முதல்முறையாக ஒருவர் எனக்குப் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டார். என் மாணவர்கள் முதல் வாரத்தில் வந்து, சுருதி விலகுகிறது என்றோ வில்லின் அழுத்தம் அதிகம் என்றோ சொல்வதில்லை. கீச்சென்று வருகிறது என்பார்கள். அவர்கள் கையைப் பார்த்து, அந்தக் கீச்சு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. சொல்லத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டால் நான் ஆசிரியர் இல்லை. இசை மென்பொருளுக்கு வரும் புதியவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் காது உண்டு, கலைச்சொல் இல்லை. வேறு வகை மென்பொருள்களில் பிழைச் செய்தி திரையில் எழுத்தாக வரும். இங்கே கோளாறு ஒலியாக வருகிறது. அதைச் சொல்லாக மாற்றும் வேலையில் பாதியையாவது தெரிந்தவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லாக்கில் ஒரு வரி இருந்தது. ரியல்டைம் முன்னுரிமை பெற முடியவில்லை, அனுமதி இல்லை என்ற பொருளில். கணினி வேறு வேலையாக இருக்கும் கணத்தில் ஜாக் தன் பங்கைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியாமல் போகிறது. அந்த இடைவெளிதான் எக்ஸ்ரன். காதில் அது கரகரப்பாக விழுகிறது. டெபியன் வழிவந்த டிஸ்ட்ரோக்களில் ஜாக்கை நிறுவும்போது ரியல்டைம் முன்னுரிமை வேண்டுமா என்று ஒரு கேள்வி உண்டு. கணினி உறைந்துபோகும் அபாயம் இருப்பதால் அதன் இயல்பு விடை இல்லை என்பதே. வரைகலைக் கருவி வழியாக நிறுவினால் அந்தக் கேள்வி கண்ணில் படாமலே போகலாம். அவர் சொன்னபடி அதை இயக்கி, என் பயனர் கணக்கை ஆடியோ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். வெளியேறி வராவிட்டால் மாற்றம் செல்லாது என்பதையும், திரும்பப் பெற வேண்டுமானால் என்ன செய்வது என்பதையும் கேட்காமலே எழுதியிருந்தார். கரகரப்பு நின்றது.

தாமதத்தின் கணக்கையும் அவர் போட்டுக் காட்டினார். என் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலித்துண்டு, 1024 ஃபிரேம் (மாதிரி), அப்படி இரண்டு துண்டு (பீரியட்), வினாடிக்கு 48000 மாதிரிகள். 1024ஐ இரண்டால் பெருக்கி 48000ஆல் வகுத்தால் சுமார் 43 மில்லிவினாடி. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக, கிட்டத்தட்ட பதினைந்து மீட்டர் தள்ளி ஒலிக்கும் வயலினை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 128 ஃபிரேமுக்கு இறக்கினால் சுமார் 5 மில்லிவினாடி, அதாவது இரண்டு மீட்டருக்கும் குறைவு. உள்ளே வந்து வெளியே போகும் மொத்தத் தாமதம் இதைவிடக் கூடும் என்றும் எச்சரித்தார். ஆனால் எனக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. என் பழைய இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் மைக்கின் ஒலி கணினி வழியாகச் சுற்றி வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். டைரக்ட் மானிட்டரிங் என்பார்கள். அதைத் திருப்பி, மென்பொருளில் அந்தத் தடத்தின் கண்காணிப்பு ஒலியை அணைத்தேன். இரண்டும் இருந்தால் ஒலி இரட்டையாகக் கேட்கும், அதனால் ஒன்றை நிறுத்த வேண்டும். வில்லை இழுத்த கணத்தில் நாதம் காதில் இருந்தது. நான் விற்காமல் வைத்திருந்த அந்தப் பழைய பெட்டியில் தீர்வு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

கேட்கும் விதம் பற்றி அவரிடமிருந்தும் பிறகும் கற்றவை இவை. முதல் வரியில் நீங்கள் இசையில் என்ன செய்ய முயல்கிறீர்கள் என்று எழுதுங்கள். "பஃபரை எப்படிக் குறைப்பது" என்று நான் கேட்டிருந்தால் யாரும் குமிழைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள். "வயலின் வாசித்துக்கொண்டே என் ஒலியைக் கேட்க வேண்டும், பிந்திக் கேட்கிறது" என்றால் பல வழிகள் திறக்கும். லாக்கைப் படம் பிடித்துப் போடாமல் எழுத்தாக ஒட்டுங்கள், மற்றவர் அதைத் தேடிப் பார்க்க முடியும். கோளாறு கேட்கும் சில வினாடிப் பதிவைச் சேர்த்துவிடுங்கள். இசைக் குழுவில் அதைவிட நல்ல சான்று இல்லை. ப்ளக்இன் (துணை நிரல்) எதுவும் இல்லாத, ஒரே ஒரு தடமுள்ள புதிய செஷனில் அது மறுபடி வருகிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். லில்லிபாண்ட் போல எழுத்தாக ஸ்வரக் குறிப்பு எழுதும் மென்பொருளில், முழுப் படைப்பையும் ஒட்டாமல் கோளாறு தெரியும் ஒன்றிரண்டு தாள அளவுகளாக (பார்) சுருக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம், சுருக்கும்போதே பாதிச் சிக்கல் புரிந்துவிடும். பிழைப் பதிவேட்டில் உதவிக் கேள்வி போட்டால் மூடிவிடுவார்கள். அது பிழைகளுக்கு மட்டும் உரிய இடம், அதிலும் அவமதிப்பு இல்லை. அரட்டை அறையில் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியேறாதீர்கள். பதில் தெரிந்தவர் உலகின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

குழுவைத் தேர்ந்தெடுப்பதில் நடத்தை விதி இருக்கிறதா என்று பாருங்கள். கோரலைன் அடா எம்கே 2014ல் எழுதி வெளியிட்ட கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற விதித்தொகுப்பைப் பல திட்டங்கள் ஏற்றிருக்கின்றன. 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுமையான மின்னஞ்சல்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே நேரத்தில் லினக்ஸ் கர்னல் திட்டமும் அந்தத் தொகுப்பின் அடிப்படையில் தன் விதியை அமைத்துக்கொண்டது. திட்டுவது தொழில்நுட்பத் திறமையின் அடையாளம் என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி. ஆனாலும் விதி எழுதியிருப்பது மட்டும் போதாது. நான் திட்டு வாங்கிய குழுவிலும் விதி இருந்தது. யாராவது ஒருவர் எல்லை மீறும்போது நடத்துநர் ஒரு வரியாவது எழுதுகிறாரா என்று பாருங்கள்.

இப்போது நானும் சில குழுக்களில் புதியவர்களுக்குப் பதில் எழுதுகிறேன். அதே கேள்வி திரும்பத் திரும்ப வருவது எவ்வளவு சலிப்பு என்று இப்போது தெரிகிறது. அந்தச் சலிப்பு நியாயமானது. டெவலப்பர்களில் பெரும்பாலோர் சம்பளமின்றி உழைப்பவர்கள். ஆர்டோரைப் போல மூலநிரலை இலவசமாகத் தந்து, நிறுவத் தயாரான பதிப்புக்குப் பணம் பெற்று ஓடும் திட்டங்கள் குறைவு. ஆனால் சலிப்பு வந்தால் பதில் எழுதாமல் இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நான் அதைத்தான் செய்கிறேன். களைப்பான நாளில் கேள்வியைத் தொடாமல் விட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். முதலில் ஒரு முரட்டுப் பதில் விழுந்துவிட்டால், நல்ல பதில் வைத்திருப்பவரும் ஒதுங்கிவிடுகிறார். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். யாராவது எல்லை மீறும்போது அவரோடு சண்டைக்குப் போகாமல், புதியவரைப் பார்த்து, "உங்கள் கேள்வி சரியானதுதான், லாக்கை ஒட்டுங்கள், பார்க்கலாம்" என்று எழுதுகிறேன். அந்த ஒரு வரியோடு உரையாடல் திரும்பிவிடுகிறது.

ஒரே கேள்வி அடிக்கடி வருகிறது என்றால் கையேட்டில் அதற்கு இடமில்லை என்று பொருள். டைரக்ட் மானிட்டரிங் குமிழைப் பற்றி ஒரு பத்தி எழுதி, நான் பயன்படுத்தும் மென்பொருளின் கையேட்டுக்கு அனுப்பினேன். நிரல் எழுதத் தெரியாத எனக்கு அதுவே முதல் பங்களிப்பு. பராமரிப்பாளர் ஒருவர் இரண்டு இடங்களில் திருத்தம் கேட்டார், காரணத்தோடு கேட்டார், திருத்தியதும் சேர்த்துக்கொண்டார். பைப்வயர் வந்த பிறகு அதில் ஒரு வாக்கியம் பழசாகிவிட்டது, அதையும் மாற்றி அனுப்பினேன். உங்கள் சிக்கல் தீர்ந்ததும் நீங்களும் இதைச் செய்யலாம். குறைந்தது, கேள்வி கேட்ட இடத்திலேயே எது தீர்த்தது என்று டிஸ்ட்ரோவின் பதிப்பு, ஆண்டு, இன்டர்ஃபேஸின் பெயர் மூன்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.